உன் நைனாவின் நம்பர்

கண்ணு,

தமிழில்தான் எழுதுகிறேன். நீ இங்கிலீஷ் மீடியத்தில் தெலுங்கை இரண்டாம் பாடமாக எடுத்துப் படித்தவன். தமிழை, நான் சொல்லிக்கொடுத்த அளவுக்கு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகவே படி. வேகமாக ஓட்டிவிட்டு "சரிம்மா" என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டுப் போகிற கடிதம் இல்லை இது. போனில் பேசினால் நான் கத்திவிடுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். கடைசியாக நான் கத்தியதற்குப் பிறகு என் நம்பருக்கு நீ கூப்பிடவே இல்லை. உன் நைனாவுக்கு வருஷ தெவசம் வருகிறது. பையன் வருகிறானா என்று ஐயர் கேட்கிறார், உன் அத்தை கேட்கிறாள். எனக்கே தெரியாததை அவர்களுக்கு நான் என்ன சொல்வது? அதனால் எழுத உட்கார்ந்தேன். எதை வைத்து நமக்குள் சண்டை வந்ததோ அதையே, இந்த வயதில் நான் வெப் டிசைன் கற்றுக்கொள்ள அலைந்த கதையை, முதலிலிருந்து சொல்கிறேன். எதற்காகக் கற்றுக்கொள்கிறேன் என்று நீ ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை.

நம் லாட்ஜுக்கு அந்த வெப் பக்கத்தை நீ கட்டியது காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது. திருச்சானூரில் கோயிலுக்குப் பின்தெருவில், நகரியிலிருந்து வந்து உன் நைனா குத்தகைக்கு எடுத்த எட்டு ரூம். அதற்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் எதற்கு என்றுதான் எனக்கும் தோன்றியது. வரவேற்பு மேசையில், சாவி மாட்டுகிற பலகைக்குக் கீழே, நீ லேப்டாப்பை வைத்துக்கொண்டு சாயந்திரம் சாயந்திரமாக உட்கார்ந்திருப்பாய். உன் நைனா கடையிலிருந்து சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்து உன் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையை எட்டிப் பார்ப்பார். "இன்னாடா இது, எறும்பு ஊர்ற மாதிரி எழுதிக்கினு கீறே? இதுல நம்ம ரூமு எங்கடா தெரியுது?" என்பார். "கொஞ்சம் இரு நைனா" என்பாய் நீ. ஒருநாள் எல்லாம் தெரிந்தது. புது பெட்ஷீட் விரித்து எடுத்த ரூம் படம், கோயிலுக்கு எவ்வளவு தூரம், ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும், கடைசியில் கீழே அவர் பெயரும் அவர் போன் நம்பரும்.

"நம்பரத் தொட்டா நேரா உனுக்கு போன் வரும் நைனா" என்று நீ சொன்னாய். அவர் நம்பவில்லை. என் போனைக் கொடுத்துத் தொடச் சொன்னார். என் காதில் அவர் வைத்திருந்த காலர் டியூன், அந்த நாதஸ்வரம், ஆரம்பித்தது. எதிரே அவர் கையில் போன் அடித்தது. ஒரே அறையில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே எடுத்து, "ஹலோ, லாட்ஜுதாம்மா. ரூமா? உங்க மூஞ்சிக்கெல்லாம் ரூமு இல்லம்மா, போய்க்கினே இருங்க" என்றார். நீ மேசைமேல் தலையை வைத்துச் சிரித்தாய். அன்றைக்கு அவர் வருகிற கஸ்டமர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டினார். ரூம் எடுத்து உள்ளே வந்துவிட்டவர்களுக்கு எதற்குக் காட்டவேண்டும் என்று நான் கேட்டதற்கு, "நீ சும்மா இரு" என்றார்.

போன புரட்டாசியில், பிரம்மோற்சவக் கூட்டத்தில் எல்லா ரூமும் நிறைந்திருந்த ஒரு காலையில், தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறியவர் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அதை உனக்கு நான் மறுபடியும் சொல்லவேண்டியதில்லை. காரியம் முடிந்து நீ பெங்களூர் போன பிறகு நடந்ததைத்தான் நீ அறியமாட்டாய்.

அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நீ கட்டிய பக்கத்தில் இருக்கிற நம்பர் அதுதானே. வேலூரிலிருந்து ஒருவர், "சாரு இல்லியாமா? போன வாட்டி வந்தப்ப கொயந்தைக்கு வெந்நீ வெச்சுக் குட்த்தாரு" என்பார். அவர் போய்விட்டார் என்று நான் சொல்வேன். ஐயோ என்பார்கள், எப்படி என்று கேட்பார்கள், நான் படியிலிருந்து ஆரம்பித்துச் சொல்லவேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ரூமு கீதாமா?" என்பார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை, அவர்களுக்கு ரூம் வேண்டும். ஆனால் பொழுது விடிந்தால் பெருக்குவது, கோலம் போடுவது, புருஷன் செத்ததைச் சொல்வது என்று அதுவும் ஒரு வேலையாகிவிட்டது எனக்கு. முடியாமல் போய் ஒருநாள், "வெளிய போயிருக்காரு" என்று சொல்லிவிட்டேன். நாயுடுபேட்டைக்கார அம்மா ஒருத்தி. "சரே அம்மா, ஆயன வச்சாக்க செப்பண்டி" என்றாள். அவர் வந்ததும் சொல்லவேண்டுமாம். சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நம்பரை மாற்றடா என்று உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "பாக்கறேம்மா" என்றாய். "சர்வர்ல ஏதோ ப்ராப்ளம்மா" என்றாய். "இந்த ப்ராஜெக்ட் முடியட்டும்மா" என்றாய். மேப்பில் நம் லாட்ஜுக்கு இருந்த நம்பரை ஒரு கஸ்டமரே உட்கார்ந்து மாற்றிக்கொடுத்துவிட்டுப் போனார். நீ கட்டிய பக்கத்தை மட்டும் யாரும் தொட முடியவில்லை. ஊருக்கெல்லாம் பக்கம் கட்டிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற பிள்ளை சொல்கிறான், அது சுவரை இடித்துக் கட்டுகிற மாதிரி பெரிய வேலையாகத்தான் இருக்கும் என்று நானும் பொறுத்தேன். பிறகு ஒரு நாள், இவனைக் கெஞ்சுவதைவிட நாமே கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றியது. எனக்கு நேரமும் இருந்தது. சாவு விழுந்த வீடு, ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது, தாயார் கோயிலுக்குள்ளும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்களே. பதினொரு மணிக்குள் ரூம்களைத் துடைத்து முடித்தால், முன்பு நான் கோயிலில் உட்கார்ந்திருக்கிற நேரம் அப்படியே காலியாகக் கிடந்தது. கோபுரம் ஜன்னலில் தெரியும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

முதலில் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "மீ பாபு கோசமா ஆன்ட்டி?" என்றாள், பையனுக்காகவா என்று. எனக்குத்தான் என்றதும் உள்ளே போய் ஒரு சாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு நம்பரை மாற்றவேண்டும், அதற்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சும்மா என்றேன். அவர் ஆறு மாதக் கோர்ஸ், சர்டிபிகேட், வேலை என்று வாய் ஓயாமல் சொன்னார். ஒரு வகுப்பு இலவசமாக உட்கார வைத்தார்கள். வாத்தியார் தட்டினார், பிள்ளைகள் பார்த்துப் பார்த்துத் தட்டினார்கள். "அர்த்தமயிந்தா?", புரிந்ததா என்று அவர் கேட்டால், "அயிந்தி சார்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு மண்ணும் புரியவில்லை. ஆனால் நானும் "அயிந்தி சார்" என்றேன் கண்ணு. புரியவில்லை என்று சொல்ல இடமில்லாத இடத்தில் எவ்வளவு பெரிய வாத்தியார் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் வீடியோ. தெலுங்கில் ஒருவர் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தாமல் பேசினார். தமிழில் ஒரு பையன் நன்றாகச் சொன்னான், பிள்ளைக்குப் பொறுமை அதிகம். அவன் சொல்லச் சொல்ல எல்லாம் விளங்கியது. மூடிவிட்டு நானாக ஒரு வரி எழுதப் போனால் கை நின்றது. அடுத்தவர் சமைப்பதைப் பார்த்தால் பசி அடங்குமா? இன்னொரு வீடியோவில் அவன் அமுக்கச் சொன்ன பட்டன் என் திரையில் இல்லவே இல்லை. என்னிடம்தான் ஏதோ தப்பு என்று ஒரு மத்தியானம் முழுக்கத் தேடி, அழுகையே வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் அது நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் போட்ட வீடியோ. பாலில் தேதி பார்த்து வாங்குகிற எனக்கு, பாடத்தில் தேதி பார்க்கத் தோன்றவில்லை.

பிறகுதான் உனக்கு மெசேஜ் போட்டேன், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு எது நல்லது என்று. நீ லிங்க் லிங்காக அனுப்பினாய். அனுப்பியதோடு நிற்காமல் நீயே போன் பண்ணினாய். "மா, வீடியோ பாத்துக்கினே இருக்காத. கையால அடிச்சுப் பாரு. மொதல்ல எச்.டி.எம்.எல் மட்டும் போதும். கலரு கிலரு எல்லாம் அப்பறம். தப்பு வந்தா பயப்படாத, ஒன்னும் ஒடையாது" என்றாய். இந்த ஒரு வருஷத்தில் நீ என்னோடு அதிகம் பேசியது அன்றைக்குத்தான். உன் குரலில் உயிர் இருந்தது. எதற்குக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் அது போய்விடுமோ என்று பயந்து நானும் சொல்லாமல் விட்டேன்.

நீ அனுப்பியதில் ஒன்றைத் திறந்ததும் அடையாளம் தெரிந்தது. மேலே பச்சைப் பட்டை, இடது பக்கம் பாடம், வலது பக்கம் எழுதிப் பார்க்க ஒரு கட்டம். உன் நைனா பஜ்ஜி வைத்த அந்த மேசையில், உன் லேப்டாப்பில் அப்போது திறந்திருந்த அதே பக்கம். நீயும் அதில்தான் ஆரம்பித்தாய். இங்கிலீஷ்தான், ஆனால் சின்னச் சின்ன வாக்கியம். ஒரு வரி படி, கட்டத்தில் எழுது, உடனே கீழே தெரியும், தப்பென்றால் தப்பாகவே தெரியும். நம் லாட்ஜுக்கு ரூம் பார்க்க வருகிறவர்களில் விவரமானவர்கள் மெத்தையை அமுக்கிப் பார்க்கமாட்டார்கள், நேராகப் போய்க் குழாயைத் திறப்பார்கள். எதையும் கற்றுக்கொள்ளப் போகும்போது நீயும் அப்படிச் செய். பளபளப்பையும் சர்டிபிகேட்டையும் பார்க்காதே. உட்கார்ந்த அன்றைக்கே உன் கையால் ஒன்று வருகிறதா என்று பார். மெஷினே இப்போது பக்கம் கட்டிவிடுகிறது, என் வேலை எத்தனை நாளோ என்று போன தடவை வந்தபோது சொன்னாய். மறுபடியும் ஒன்றும் தெரியாதவனாய் நீ எங்கேயோ உட்காரவேண்டி வரலாம். வெட்கப்படாதே. உன் அம்மா இந்த வயதில் உட்கார்ந்தாள்.

பாடத்தில் போன் நம்பர் போடுவது வந்தது. ஒரே ஒரு வரி. படித்ததும் எழுந்துபோய் நம் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். நீ கட்டியபோது இருந்த மாதிரியே எல்லாம் அதில் இருந்தது. அந்த எறும்புக் கூட்டத்துக்குள் தேடினால், கடைசியில் உன் நைனா பெயர், பக்கத்தில் நம்பர். அழித்துவிட்டு வேறு எழுதி ஏற்றினால் தீர்ந்தது. ஒரு வருஷமாக நீ பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றது இதைத்தானா! எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். அந்த நிமிஷமே போன் போட்டேன். "ரெண்டு நிமிசத்து வேலடா இது! உங்க நைனா செத்துட்டாரு செத்துட்டாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு கீறேன் நானு. உனுக்கு ரெண்டு நிமிசம் கெடைக்கல? ஊரான் ஊட்டுக்கெல்லாம் பக்கம் கட்றே, பெத்தவன் பேருல கை வைக்கத்தான் உனுக்கு வலிக்குதா?" என்றேன். "மா" என்றாய். அதோடு சரி. வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீ தெரிந்துகொள்ளவேண்டியது. மறுநாள் மத்தியானம் நானே உட்கார்ந்தேன். அவர் நம்பரை அழித்து என் நம்பரை எழுதினேன். நீ எழுதியதில் வேறெதுவும் கலையாமல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்து, மேலே ஏற்றினேன். பக்கத்தைத் திறந்தால் என் நம்பர் தெரிந்தது. ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வேலை செய்கிறதா என்று பார்க்க என் போனில் அந்த நம்பரைத் தொட்டேன். என் காதில் நாதஸ்வரம் ஆரம்பித்தது. சாவிப் பலகைக்குக் கீழே, மேசைமேல், அவர் போன் அடித்தது.

உனக்கு இது ஒரு சின்னத் தப்பு, கேட்டதுமே சிரித்திருப்பாய். நம்பர் இரண்டு இடத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிறது ஒன்று, தொட்டால் போகிறது வேறொன்று, அது உள்ளே இருக்கும். தெரிகிறதை மட்டும் நான் மாற்றியிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. அவர் போனில் "ஓனரம்மா" என்று பெயர் வந்துகொண்டிருந்தது. என்னை அப்படித்தான் போட்டுவைத்திருந்தார் போலிருக்கிறது. அவர் போனபிறகு அந்த நம்பருக்குக் கூப்பிட எனக்கு என்ன வேலை, அதனால் நான் பார்த்ததே இல்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். உங்க மூஞ்சிக்கெல்லாம் ரூமு இல்லம்மா என்று எடுத்துச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். நாதஸ்வரம் அடி முதல் நுனி வரை வாசித்துவிட்டு நின்றது. மறுபடியும் தொட்டேன். மறுபடியும் கேட்டேன். அன்றைக்கு மாடியில் இரண்டு ரூம் துடைக்காமலேயே கிடந்தது.

அந்தப் போனில் சில நாள் உன் பெயரும் வரும். எடுத்து, "சொல்லு கண்ணு" என்பேன். உடனே கட் ஆகும். ஏண்டா அந்தப் போனுக்குப் பண்ணுகிறாய் என்று ஒருதரம் திட்டினேன், "கை தவறிப் பட்டுட்ச்சுமா" என்றாய். நானும் நம்பினேன். நீ எதைக் கேட்கக் கூப்பிட்டாய் என்று அன்றைக்குத்தான் கண்ணு எனக்குத் தெரிந்தது. பாதியில் எடுத்து எடுத்து நான் அந்த நாதஸ்வரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். நீ ஏன் அந்த வரியைத் தொடவில்லை என்றும் தெரிந்தது. வலிக்கிறதா என்று திட்டுவதற்குக் கேட்டேன். வலித்துத்தான் இருக்கிறது. எவ்வளவு சின்ன வேலை என்று கற்றுக்கொண்டபோது உன்மேல் கோபம் வந்தது. அவ்வளவு சின்ன வேலையை ஒரு வருஷமாக ஒருவன் செய்ய முடியாமல் இருக்கிறான் என்றால் அவனுக்குள் என்ன இருக்கும் என்று யோசிக்க எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. பெற்றவள், எனக்கே தெரிந்திருக்கவேண்டும்.

உள்ளே இருந்ததையும் அழித்துவிடாமல் அப்படியே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் பார்த்தேன். அப்போதுதான் ஒரு கால் வந்தது. "சார் உன்னாரா அம்மா?" சார் இருக்கிறாரா என்று. இல்லை என்று சொல்லவும் நாக்கு எழவில்லை, வெளியே போயிருக்கிறார் என்று சொல்லவும் எழவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு அவர்களே வைத்துவிட்டார்கள். லேப்டாப்பைத் திறந்து உள்ளே இருந்ததையும் அழித்தேன். என்னுடையதை எழுதினேன். தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பக்கத்துப் பூக்கடைக்காரியைத் தொடச் சொன்னேன். என் போன்தான் அடித்தது.

இந்தக் கடிதத்தையும் அங்கேதான் போடுகிறேன். நம் பக்கத்தின் கீழே ஒரு லிங்க், அதைத் தொட்டால் இது வரும். உனக்கு அந்த லிங்கை மெசேஜில் அனுப்புகிறேன். நானே கட்டியது. கலர் கிலர் ஒன்றும் இல்லை, எழுத்து மட்டும்தான். அது அப்பறம் என்று நீதானே சொன்னாய். கஸ்டமர்கள் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்கு நான் ஒவ்வொருவராகச் சொல்லவேண்டியதில்லை.

உன் நைனா போன் அதே மேசையில்தான் இருக்கிறது. சார்ஜ் போட்டுவைக்கிறேன், போன் கம்பெனிக்காரன் நாதஸ்வரத்தை எடுத்துவிடாதபடி ரீசார்ஜ் பண்ணிப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது அது அடிப்பதே இல்லை. அடித்தால் அது நீதான். இனிமேல் நான் எடுக்கமாட்டேன், முழுசாகக் கேள். கேட்டு முடித்தபிறகு, மனசு வந்தால், நீ கட்டிய பக்கத்தைத் திறந்து கீழே இருக்கிற நம்பரைத் தொடு. தெவசத்தைப் பற்றி ஒன்றும் பேசவேண்டாம், மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் வேண்டாம். ரூம் இருக்கிறதா என்று மட்டும் கேள்.

உன் மூஞ்சிக்கு இருக்கிறது கண்ணு.

அம்மா